ரால்ஃப் தோற்க வேண்டும்

டெலக்ஸ் மெஷினின் மணி அடித்தபோது என் வலது கை தயிர்சாதத்தில் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வருவதா, அப்படியே போவதா என்று நான் முடிவு செய்வதற்குள் அது தானாகவே கடகடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. டெலக்ஸுக்குச் சாப்பாட்டு நேரம் தெரியாது.

டெலக்ஸைப் பார்த்திராத இளைஞர்களுக்காக ஒரு வரி: உலகத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி தட்டினால், இந்தக் கோடியில் காகிதத்தில் எழுத்து விழும். சத்தம் மட்டும் மாவு மில் சத்தம்.

துபாயில் தேரா பக்கம், க்ரீக் என்கிற கடற்கழியிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கிளை. ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிற ராட்சத பம்புகள் விற்பது தொழில். தண்ணீரே இல்லாத தேசத்தில் இவர்கள் எதை ஏற்றப் போகிறார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது.

ஆபீஸில் இரண்டே பேர். மேனேஜர் வால்ட்டர். மற்ற எல்லாப் பதவிகளும் நான்.

அன்று வால்ட்டர் இல்லை. ஃபுஜைராவில் ஒரு பம்பைப் பார்க்கப் போயிருந்தார். மெஷினில் முதலில் பேரிங், வால்வு என்று வழக்கமான சமாச்சாரம் வந்தது. கடைசியில், வழக்கம்போல, சொந்த விஷயம் ஒரு வரி. அமெரிக்காவில் எங்கள் தலைமை ஆபீஸில் இரவு ஷிஃப்டில் டெலக்ஸ் அடிப்பவள் டோரா. வால்ட்டரின் தங்கை. கம்பெனிச் செலவில் குடும்பச் செய்தி அனுப்புவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

'ரால்ஃப் ரன் ஆஃப் வித் மிஸஸ் பிராண்ட். மாமா த்ரில்ட். ப்ரே.'

ரால்ஃப், வால்ட்டரின் அண்ணன். ஆக, தமிழில்: 'அண்ணன் ரால்ஃப், பிராண்ட் என்பவருடைய மனைவியோடு ஓடிப்போய்விட்டார். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். பிரார்த்தனை செய்யவும்.'

படித்தேன். மறுபடி படித்தேன். பிறகு நாற்காலிக்குத் திரும்பி, மிச்சமிருந்த தயிர்சாதத்தை ஊறுகாயோடு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

அடுத்தவன் குடும்பம் நாசமாய்ப் போன செய்திக்கு இப்படி ஒரு மகிழ்ச்சியா என்று நீங்கள் முகம் சுளிப்பதற்கு முன்னால், சற்றுப் பின்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

நிற்கிறவர்களும் ஓடுகிறவர்களும்

ஒரு நாள் காலை வால்ட்டர் சீட்டியடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"ராஜ், என் அண்ணன் மேயருக்கு ஓடுகிறான்" என்றார்.

நம் ஊரில் தேர்தலில் நிற்பார்கள். பேரம் படிந்தால் உட்கார்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஓடுவார்களாம். அது எனக்கு அன்றுதான் தெரியும்.

எந்த ஊர் என்று எழுத மாட்டேன். இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குத் தபாலில் அனுப்பும் வாசகர்கள் பலர். அந்த மகன்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருப்பதில்லை. பெரிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையைவிடப் பெரியது என்றார் வால்ட்டர். சென்னையை அவர் பார்த்ததில்லை.

"எந்தக் கட்சி, சார்?"

"கட்சி கிடையாது."

"உங்கள் அண்ணனுக்கா?"

"யாருக்கும் கிடையாது. எங்கள் ஊர் மேயர் தேர்தலில் கட்சியே கிடையாது. ஓட்டுச் சீட்டில் பெயர் மட்டும் இருக்கும். ஒன்பது பேர் ஓடுகிறார்கள்."

"சின்னம்?"

"என்ன சின்னம்?"

"விளக்கு, குடை, பூட்டு, மாட்டு வண்டி. இந்த மாதிரி, சார்."

வால்ட்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேயர் தேர்தலில் மாட்டு வண்டி எதற்கு?" என்று கேட்டார். விளக்கினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. தன் அண்ணனுக்கு எது பொருத்தம் என்று யோசித்து, 'கோவேறு கழுதை' என்றார்.

"அப்படியானால், சார், ஒன்பது பேரும் சுயேச்சையா?"

"அப்படியும் சொல்லலாம்."

நான் எழுந்து நின்றேன். "ரொம்ப வருத்தம், சார்" என்றேன்.

பூட்டு சித்தப்பா

என் வருத்தத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் சித்தப்பா ஒருவர் திருச்சியில் வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றார். சின்னம் பூட்டு. தெருவெல்லாம் கரிக்கட்டியால் பூட்டு வரைந்தோம். ஒரு வீட்டுக்காரர், தன் கதவில் பூட்டுப் படம் பார்த்துவிட்டு, ஜப்தி செய்ய வந்துவிட்டார்கள் என்று பயந்து கொல்லை வழியாக வெளியேறினார்.

ஓட்டு எண்ணினார்கள். சித்தப்பாவுக்கு விழுந்தது எங்கள் வீட்டில் இருந்த ஓட்டைவிடக் குறைவு. டெபாசிட் போனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஒரு மாதம் முழுக்க, சோறு போடும் சித்தியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது. கடைசிவரை அவர் பூட்டு சித்தப்பா. அவர் மகனின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால், "யாரு, பூட்டு வீடா?" என்றுதான் வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே சுயேச்சை என்றால் தோற்பவர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அன்று சாயங்காலம் ஷார்ஜாவுக்கு ஷேர் டாக்ஸியில் போகும்போது, வால்ட்டரின் அண்ணனுக்காகக் கொஞ்சம் மனம் இளகிக்கூட இருந்தது. அந்த இளக்கம் ரோலாவில் சீனி காக்கா கடைவரைதான் நீடித்தது.

காக்காவின் கணக்கு

சீனி காக்கா கீழக்கரைக்காரர். ரோலாவில் துணிக்கடை. கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில்தான் நானும் என் மனைவி சரோஜாவும் குடியிருந்தோம். ஊரிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகளை, வந்து சேர எத்தனை நாளானாலும், அன்றைய செய்தி மாதிரி படிப்பவர் காக்கா. அரசியல் அவருக்கு அத்துப்படி. அவரிடம் போய், "பாவம் காக்கா, எங்க மேனேஜரோட அண்ணன் சுயேச்சையா நிக்கிறாராம்" என்றேன்.

"எத்தன பேரு தம்பி நிக்கிறாக?"

"ஒன்பது பேர். எல்லாரும் சுயேச்சை."

காக்கா ஒரு வாடிக்கைக்காரருக்காகச் சட்டைத் துணி அளந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"சுயேச்சையின்னா தோப்பான். அதான சொல்லுறிய?"

"ஆமா."

"ஒம்பது பேரும் சுயேச்சையின்னா ஒம்பது பேரும் தோப்பானா? அப்ப மேயரு யாரு? ஒட்டகமா?"

நான் இதை யோசிக்கவில்லை.

"ஒருத்தன் செயிச்சுத்தான் ஆவணும். அது ஏன் ஒங்க மேனேசரு காக்காவா இருக்கக் கூடாது?" கீழக்கரையில் காக்கா என்றால் அண்ணன். "சரி, அண்ணன் மேயராயிட்டாருன்னு வைங்க. ஊருக்குத் தண்ணி குடுக்குறது யாரு? முனிசிபாலிட்டி. முனிசிபாலிட்டி யாரு கையில? அண்ணன் கையில. பம்பு யாரு கையில?"

"தம்பி கையில" என்றேன்.

"இந்தப் பொட்டக்காட்டுல ஒக்காந்து பம்பு விப்பாரா, அங்க போயி விப்பாரா? யல்லா, கலாஸ். அம்புட்டுத்தான். அடுத்த பிளைட்ட புடிச்சிருவாரு."

"ஆபீஸ்?"

"பூட்டிருவாக."

"என் விசா?"

காக்கா, அளந்த துணியில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, சர்ரென்று கிழித்தார்.

நைலான் கயிறு

சரோஜா வந்திறங்கிய அன்று ஏர்போர்ட்டில் நான் வேறு யாரோ ஒருவர் மனைவியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவள் சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். பேசாத நாட்களே மேல்.

அவள் வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து திருச்சியில் என் அம்மா, இரண்டு அண்ணிகள், எல்லோருக்கும் பின்னால் நான்காவதாக அடுப்பைத் தொட்டவள். ரோலாவில் முதல் நாள் காஸ் அடுப்பைப் பற்றவைத்து, ஒன்றும் வைக்காமல், சும்மா எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன், பாத்திரம் வேணுமா?" என்று கேட்டேன். "இருங்க. கொஞ்ச நேரம் எரியட்டும்" என்றாள்.

இவளிடம் போய், அமெரிக்காவில் ஒருவர் ஜெயித்தால் நீ திருச்சிக்குப் போக வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கயிறு வாங்கினேன்.

பீதி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வரும். சிலருக்கு வியர்க்கும். எனக்குப் பொருள் வாங்கத் தோன்றும். கல்ஃபிலிருந்து ஊருக்குப் போகிறவன் அட்டைப் பெட்டியை வரிந்து கட்டுகிற நைலான் கயிற்றில் ஒரு பெரிய கண்டு வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

"இது எதுக்கு?" என்றாள் சரோஜா.

"துணி காயப்போட."

"யார் துணி? இந்த ஷார்ஜாவுக்கே காயப்போடலாம் போலிருக்கே."

மறுநாள் இன்னொரு கண்டு வாங்கினேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நான் போகமாட்டேன்" என்றாள்.

"விசா கேன்சலானா?"

"உங்க விசா போனா நீங்க போங்க. நான் காக்கா கடையில பில்லு போட்டுக்கிட்டு இங்கயே இருக்கேன்."

அதெல்லாம் சட்டப்படி முடியாது என்று விளக்கினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். காஸ் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் நான் வேண்டிக்கொண்டேன். சமயபுரத்து அம்மா, முகம் தெரியாத ஒருவருக்குக் கெடுதல் நினைக்கிறேன், மன்னித்துக்கொள். ரால்ஃப் தோற்க வேண்டும். தோற்றால் உன் சன்னிதிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

சமயபுரத்தில் அன்றுவரை எத்தனையோ வேண்டுதல் வந்திருக்கும். அமெரிக்க மேயர் தேர்தலில் தலையிடச் சொல்லி வந்தது அநேகமாக அது ஒன்றுதான்.

அதன் பிறகு தினமும் காலையில் வால்ட்டருக்குக் காபி கொடுக்கும்போது மரியாதைக்குக் கேட்பது மாதிரி கேட்பேன். "அண்ணன் எப்படி ஓடுகிறார், சார்?"

"நன்றாக ஓடுகிறான். பள்ளிக்கூட போர்டில் இருக்கிற ஒரு அம்மாள்தான் நெருக்குகிறாள்."

அந்த அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அவளுக்காக உருகினேன். அவள் நல்லாட்சி தருவாள் என்று எனக்குப் பரிபூரண நம்பிக்கை. கூட்டத்தில் ரால்ஃப் பேசியதற்குக் கைதட்டல் வந்தது என்று வால்ட்டர் சொன்ன நாட்களில் நானும் பாத்ரூமுக்கு ஓடுவேன். பாத்ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. படிகளைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம்.

எந்த மாமா?

இப்போது தயிர்சாதத்துக்குத் திரும்புவோம்.

'ரன் ஆஃப்' என்ற சொல்லை நான் புரிந்துகொண்ட விதத்தில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அது எனக்குப் பழகிய சொல். ஃபுஜைரா சைட்டிலிருந்து வாரம் தவறாமல் ரிப்போர்ட் வரும். 'கார்பென்டர் ஒருவர் ரன் ஆஃப்.' 'மேசன் ரன் ஆஃப்.' அதாவது விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் சொல்லாமல் கேம்ப்பைவிட்டு ஓடிப்போய்விட்டார். அதை அப்படியே டைப் அடித்து மேலே அனுப்புவது என் வேலை. இலக்கணப்படி 'ரேன் ஆஃப்' என்றிருக்க வேண்டும். டெலக்ஸிலும் கேம்ப்பிலும் இலக்கணம் பார்ப்பதில்லை.

அன்று சாயங்காலம் ஷேர் டாக்ஸியில் பாடிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த பட்டான்காரர் ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்.

சரோஜாவைக் கீழே கூப்பிட்டு, காக்காவுக்கும் சேர்த்துச் செய்தியைச் சொன்னேன்.

"ஓடிட்டாரா!" என்றார் காக்கா. "தேர்தல் நேரத்துலயா? அடுத்தவம் பொண்டாட்டியோடயா? போச்சு. ஒரு ஓட்டு உழுவாது. தம்பி, நீங்க தப்பிச்சிய."

"மாமா த்ரில்டுன்னா என்ன?" என்றாள் சரோஜா.

"மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம்."

"எந்த மாமாவுக்கு? தாய்மாமனா, மாமனாரா?"

"அமெரிக்காவுல மாமான்னா அம்மா."

காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மாவ மாமாங்குறாக. அப்ப மாமாவ என்னாண்டு கூப்புடுவாக?"

சரோஜா விடவில்லை. "பெத்த அம்மா, மகன் இன்னொருத்தன் பொண்டாட்டிய இழுத்துக்கிட்டு ஓடுனதுக்குச் சந்தோஷப்படுவாளா? ஏங்க, இதுல என்னமோ தப்பா இருக்கு. நல்லாப் பாத்தீங்களா?"

"நான் டெலக்ஸ் ஆபரேட்டர்டீ."

"அதனாலதான் கேக்குறேன்."

"அமெரிக்காக்காரி" என்றார் காக்கா, எல்லாவற்றுக்கும் அது பதில் மாதிரி. எனக்கும் அது போதுமானதாக இருந்தது. சமயபுரத்துக்குப் போக எப்போது லீவு கேட்கலாம் என்று அன்று இரவு யோசித்துக்கொண்டே தூங்கினேன்.

துக்கம் விசாரித்த கதை

வால்ட்டர் ஃபுஜைராவிலிருந்து மண்ணும் தூசுமாக வந்தார். நான் தயாராக இருந்தேன். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்து, ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்திருந்தேன்.

"சார், முதலில் உட்காருங்கள்."

உட்கார்ந்தார். "என்ன ஆயிற்று?"

"எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான், சார். எங்கள் தெருவிலேயே ஒரு போஸ்ட்மாஸ்டர் இருந்தார்."

"போஸ்ட்மாஸ்டரா?"

"ஓடிப்போய்விட்டார், சார். பிறகு திரும்பி வந்தார். இப்போது மரியாதையாக பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்."

வால்ட்டர் தண்ணீரைக் குடித்தபடி என்னைப் பார்த்தார். டெலக்ஸை இரண்டு கையாலும் நீட்டினேன். படித்தார். கிளாஸை மேஜையில் ஓங்கி வைத்து, எழுந்து, ஒரு கூச்சல் போட்டார். பக்கத்து ஆபீஸ் குஜராத்திக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சாதித்துவிட்டான்! ரால்ஃப் சாதித்துவிட்டான்!"

அமெரிக்கக் குடும்ப வாழ்க்கையைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை என்று அந்த நிமிடம் எனக்கு உறுதியாயிற்று. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"மிஸ்டர் பிராண்ட் இதை எப்படி எடுத்துக்கொண்டார், சார்?"

"அவரா? அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். வீடு வீடாகப் போய் அவளுக்காகப் பேசியவரே அவர்தானே!"

நான் உட்கார்ந்தேன்.

என் முகத்தை அவர் பார்த்தார். டெலக்ஸைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஏர்கண்டிஷனரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் நிறுத்துவதற்குள் நான் இரண்டு கடிதம் டைப் அடித்துவிட்டேன். இரண்டிலும் தப்பு.

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் கட்சி இல்லாத தேர்தல். ஒன்பது பேர் ஓடினால் ஓட்டு ஒன்பதாகச் சிதறும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதலில் வந்த இரண்டு பேர் மட்டும் மறுபடியும் மோத வேண்டும். அந்த இரண்டாம் மோதலுக்குப் பெயர் ரன் ஆஃப். பள்ளிக்கூட போர்டு அம்மாள்தான் மிஸஸ் பிராண்ட்.

ரால்ஃப் எங்கும் ஓடவில்லை. இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்.

"இதில் நீ ஏன் இப்படி வெளிறிப்போகிறாய்?" என்று கேட்டார் வால்ட்டர்.

சொல்லிவிட்டேன். அண்ணன் ஜெயித்தால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், இங்கே பூட்டிவிடுவார்கள், என் மனைவி வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று சொன்னேன். கயிற்றைப் பற்றியும் சமயபுரத்தைப் பற்றியும் சொல்லவில்லை.

வால்ட்டரின் சிரிப்பு நின்றிருந்தது.

"ராஜ், உன்னிடம் யார் இப்படிச் சொன்னது?"

"எங்கள் ஊரில் அப்படித்தான், சார்."

"எங்கள் ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். அங்கே மாநகராட்சிக்குப் பம்பு விற்றுக்கொண்டிருந்தவன் நான். ரால்ஃப் கவுன்சிலில் இருந்தான். தம்பியிடமே வாங்குகிறான் என்று பேச்சு வந்தது. அவன் மேயருக்கு ஓட வேண்டுமென்றால் நான் கண்ணில் படக் கூடாது. கம்பெனி வரைபடத்தைப் பார்த்து, எது ரொம்பத் தூரம் என்று தேடி, இந்தக் கிளையைத் திறந்தது."

"ஜெயித்தால், சார்?"

"அவன் அங்கே மேயராக இருக்கும்வரை நான் இங்கே. நாலு வருடம். மறுபடி ஜெயித்தால் எட்டு."

"தோற்றால்?"

"அடுத்த விமானம். இந்த ஆபீஸையும் மூடிவிடுவார்கள். இதுவரை நாம் எத்தனை பம்பு விற்றிருக்கிறோம்?"

"ஒன்று, சார்."

"அது எப்படி இருக்கிறது?"

"நீங்கள்தான் அதைப் பார்க்க ஃபுஜைரா போயிருந்தீர்கள்."

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். குமாஸ்தா மேனேஜரைக் கேட்கிற கேள்வி இல்லை. "உங்களுக்கு எது வேண்டும், சார்?"

"அம்மாவுக்கு ரால்ஃப் ஜெயிக்க வேண்டும்" என்றார் வால்ட்டர். பிறகு பேரிங் விஷயமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு வேண்டுதல்

பல வாரங்களாக நான் என் வேலைக்கு எதிராகவே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் உருக்கமாக. இதைச் சரோஜாவிடம் சொன்னபோது அவள் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வேண்டுதலை மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"அம்மன் என்ன உங்க டோராவா? முந்தின மெசேஜ் கேன்சல்னு அடிக்கிறதுக்கு?"

"அப்ப என்ன பண்றது?"

"புதுசா ஒண்ணு வேண்டிக்கங்க. பழையதும் இருக்கட்டும். ரெண்டையும் பாத்து அவளே ஒரு முடிவு எடுப்பா."

ஆக, ரால்ஃப் தோற்றாலும் மொட்டை, ஜெயித்தாலும் மொட்டை. அந்தத் தேர்தலில் என் தலைமுடிக்கு மட்டும் வாய்ப்பே இல்லை.

அடுத்த சில வாரங்கள் நான் ரால்ஃபின் ஆளாகிவிட்டேன். மிஸஸ் பிராண்டின் நிர்வாகத் திறமை பற்றி எனக்குத் திடீரென்று பெரிய சந்தேகங்கள் வந்தன. காக்கா, கடைக்கு வந்து போகிறவர்களிடமெல்லாம் ரால்ஃப் நம்ம ஆளு என்று சொல்லிவைத்திருந்தார். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ராமநாதபுரம் பக்கம் என்று சிலர் நினைத்திருக்கலாம். "நம்மாளு எப்படி இருக்காரு?" என்று முடிவெட்டுகிறவர் என்னைக் கேட்டார்.

வால்ட்டர் மட்டும் காலையில் சீட்டியடிப்பதை நிறுத்தியிருந்தார். நான் அதைக் கவனித்தேன். கவனிக்காதது மாதிரி காபி கொடுத்தேன்.

இரண்டு வார்த்தை

செய்தி ஒரு சாயங்காலம் வந்தது. அவர்களுக்குக் காலை. மணி அடித்ததும் இருவரும் மெஷினுக்குப் போனோம். இந்தத் தடவை தப்பாகப் படிக்க ஒன்றும் இல்லை.

'ரால்ஃப் மேயர்.'

எங்கள் வீட்டு அடுப்படியில் பூரி பொரிகிற சத்தம் காதில் கேட்டது மாதிரி இருந்தது. ரோலா அங்கிருந்து எத்தனையோ மைல்.

"நல்லது, ராஜ்" என்றார் வால்ட்டர். "உன் மனைவியிடம் சொல்லிவிடு."

என் மேஜை டிராயரில் ஒரு தகர டப்பா இருந்தது. காக்காவின் வீட்டிலிருந்து கீழக்கரைத் தொதல் வந்திருந்தது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிளறிக் கிளறிக் கறுப்பாக்கிய இனிப்பு. ஜெயித்தால் கொடுங்கள் என்று காலையிலேயே கொடுத்தனுப்பியிருந்தார். திறந்து நீட்டினேன்.

"இது எதற்கு?"

"உங்கள் அண்ணனுக்காக, சார்."

வால்ட்டர் ஒரு துண்டு எடுத்தார். மென்றார். தொதலைச் சட்டென்று விழுங்க முடியாது. நான் காத்திருந்தேன்.

"இது ரால்ஃபுக்காக இல்லை" என்றார்.

நான் டப்பாவை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஆனால் நன்றாக இருக்கிறது" என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். பிறகு மெஷினைக் காட்டினார். "டோரா இன்னும் லைனில் இருக்கிறாளா? அடி."

உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். வெளியே வெயில் தணிந்து, படகுக்காரர்கள் க்ரீக் படியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

'வாழ்த்துகள். பெருமையாக இருக்கிறது. பதவியேற்பு எப்போது? அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா? அம்மாவிடம் சொல்லி, என் ஓவர்கோட்டை ரால்ஃபுக்குக் கொடுத்துவிடு. மேயர்கள் குளிரில் ஊர்வலம் போக வேண்டியிருக்கும்.'

அடித்தேன். டெலக்ஸில் என் விரல்கள் அநேகமாகத் தப்பு செய்வதில்லை. அன்று ஓவர்கோட் என்பதை இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

மெஷின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மணி அடித்தது.

'எந்தக் கோட்? இரண்டு இருக்கிறது.'

வால்ட்டர் காகிதத்தைக் குனிந்து படித்தார். விரலில் ஒட்டிய தொதலைக் கைக்குட்டையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"இரண்டையும் என்று அடி" என்றார்.